நான் போட்ட நானூற்றுப் பத்துப் பூஜ்யங்கள்

காற்றடித்தாலும் கலம் கவிழாமல் நம் கூட்டுறவுச் சங்கத்தைக் கரைசேர்த்து வரும் கூட்டத் தலைவர் அவர்களே! நான்கு மணி நேரம் அலையில் ஆடி, இறங்கிய இடத்தில் வாந்தியும் எடுத்து, முகம் கழுவிய ஈரம் காயுமுன் மேடையேறி அமர்ந்திருக்கும் அக்கரைச் சுகாதார அலுவலக அதிகாரி அவர்களே! இந்தத் தீவின் ஒரே மருத்துவ நிலையத்தை ஒற்றை ஆளாகத் தாங்கி நிற்கும் செவிலி அம்மா அவர்களே! முன்வரிசையில் கைத்தடி ஊன்றி அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மீன் தரம் பிரித்த கையை அவசரமாகக் கழுவிக்கொண்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! ஐஸ் ஃபேக்டரித் தொழிலாளர்களே! படகோட்டிகளே! வலை பின்னும் அண்ணன்மார்களே! உள்ளே வந்தால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சி, சன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகளே! உங்களுக்குத்தான் என் தலையாய வணக்கம். நான் பேச வந்ததே உங்களிடம்தான்.

கேட்கிறதா? கடைசி வரிசைக்கு? சரி.

நான் நிமிடத்துக்கு நாலு முறை கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை முன்வரிசைக்காரர்கள் பார்க்கிறீர்கள். "கடிகாரம் நின்னுருக்கும்" என்று யாரோ பெருந்தன்மையாகச் சொல்கிறீர்கள். நிற்கவில்லை தம்பி, நன்றாகவே ஓடுகிறது. அதுதான் தொல்லை. மேடையைக் கண்ட பதற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். மணி இப்போது ஒன்று நாற்பது. நாலு மணிக்குப் படகு. இதோ, மேசைமேல் ஐம்பது தாள்கள் இருக்கின்றன. அவற்றில் குறைந்தது முப்பது உண்மையாக நிரம்பி அந்தப் படகில் ஏறாவிட்டால், இந்த மாதக் கடைசியோடு நம் டாக்டர் ரூமை மூடிவிடுவார்கள். மூடிவிட்டால், வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு என் ஓரகத்தி யாரிடம் பேசுவாள்? என் பதற்றம் அதுதான். வேறொன்றுமில்லை.

அதிகாரி அவர்கள் நமக்குப் புதியவர், பொறுப்பேற்று மூன்று வாரம்தான் ஆகிறதாம். ஆகவே நமக்குத் தெரிந்ததை அவருக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஐயா, எங்கள் டாக்டர் ரூம் ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் இருக்கிறது. முன்பு மீன் எடைபோட்ட அறை. எட்டடிக்குப் பத்தடி. டவர் பக்கத்தில் இருப்பதால் அங்கேதான் சிக்னல் நிற்கும். ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு திரை, அதன் தலைமேல் பொட்டு அளவில் ஒரு கேமரா. அக்கரை ஆஸ்பத்திரியிலிருந்து மனநல மருத்துவர் அந்தத் திரையில் வருவார். கண்ணாடி டாக்டரம்மா என்று எங்கள் பெண்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கண்ணாடி என்றால் வெறும் கண்ணாடியா? கடல் கடந்து, காற்றில் கரைந்து, கம்பியில் இறங்கி, கண்ணெதிரே வந்து நிற்கிற கருணை அல்லவா அது! படகேற முடியாத பிள்ளைத்தாய்ச்சிக்கு அது படகு அல்லவா! பஸ்ஸில் மூன்று மணி நேரம் உட்கார முடியாத முதியவருக்கு அது பாதை அல்லவா! வாய்விட்டு அழ ஒரு மூலை கிடைக்காத வீட்டில், அது ஒரு மூலை அல்லவா!

ஆனால் நாம் அந்த மூலைக்கு எப்படிப் போகிறோம்? கையில் வாளியோடு போகிறோம். யாராவது கேட்டால் ஐஸ் வாங்கப் போகிறேன் என்று சொல்லலாமே! வாளியோடு போகிறவர்கள் ஐஸ் இல்லாமல் திரும்புகிறார்கள். ஐஸ் ஃபேக்டரிக் கணக்குப்பிள்ளை பதினான்கு மாதமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒருநாள்கூட வாய் திறந்ததில்லை. சிரிக்காதீர்கள். அவர் சிரித்ததில்லை. அவருக்கு இந்த மேடையிலிருந்து ஒரு கும்பிடு.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தலைவர் அவர்களே, ஐந்து நிமிடம் என்று சொன்னீர்கள். குற்றத்தை ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். பொறுத்தருள வேண்டும்.

ஏழு மாதத்துக்கு முன் அக்கரை அலுவலகத்திலிருந்து ஒரு கட்டுத் தாள் வந்தது. தாளுக்குப் பத்துக் கேள்வி. போன இரண்டு வாரத்தில் எத்தனை நாள் தூக்கம் வரவில்லை, எத்தனை நாள் எதிலும் மனம் செல்லவில்லை, எத்தனை நாள் காரணமில்லாமல் அழுகை வந்தது, இப்படியே போகும். ஒருநாளும் இல்லையென்றால் பூஜ்யம். சில நாள் என்றால் ஒன்று. பல நாள் என்றால் இரண்டு. எல்லா நாளும் என்றால் மூன்று. அவரவர் தம் கையால் நிரப்ப வேண்டும்.

அவரவர் நிரப்பினோமா? பள்ளிக்கூட விண்ணப்பமா, சங்கத்து விண்ணப்பமா, எதுவாக இருந்தாலும் என் வீட்டு வாசலுக்கு வருவது வழக்கம்தானே! அன்றைக்கும் வந்தார்கள்.

"அக்கா, நீங்களே ஏதாவது போட்டுக் குடுத்துடுங்க."

"ஏதாவதுன்னா என்னடி போடுறது? உனக்குத் தூக்கம் வருதா இல்லையா?"

"தூக்கமா? அதையெல்லாம் போயி எழுதுவாங்களா? நல்லதா பார்த்துப் போடுங்கக்கா. நாலு பேர் பார்க்கிற தாளு."

நல்லதாகப் போட்டேன்! நாற்பத்தொரு பேர். ஆளுக்குப் பத்துக் கேள்வி. நானூற்றுப் பத்துப் பூஜ்யம். முத்துக் கோத்தாற்போல, ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றில்லாமல் வரிசை பிசகாமல் போட்டேன். போட்டு முடித்துவிட்டுத் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து மகிழ்ந்தும் போனேன்.

ஏன் போட்டேன்? பொய் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளை அதட்டுகிறவள்தானே நான்! விடிந்ததும் விளக்கேற்றி இறைவனுக்கு நன்றி சொல்லாமல் வாயில் தண்ணீர் ஊற்றாதவள்தானே நான்! பிறகு ஏன்? அதனாலேயேதான். இத்தனை கொடுத்த இறைவனிடம் போய், மனசு சரியில்லை என்று தாளில் எழுதினால் நன்றிகெட்டத்தனமல்லவா என்று நினைத்தேன். வாயில் வந்தது வாசலில் வந்து நிற்கும் என்று பயந்தேன். கால் உடைந்தால் கட்டுப் போடலாம், கண் மங்கினால் கண்ணாடி போடலாம், மனம் உடைந்தால்? மூடி வை. மூடி வைத்துக் கும்பிடு. அதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

அந்த நாற்பத்தொரு தாளில் ஒன்று என் ஓரகத்தியுடையது. என் கணவரின் தம்பி மனைவி.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவள் கதையை நான் அவளைக் கேட்காமல் சொல்லவில்லை. நேற்று அடுப்படியில் நின்று கேட்டேன். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "சொல்லுங்கக்கா. ஆனா பாவம், பாவம்னு மட்டும் சொல்லாதீங்க. அந்த வார்த்தையைக் கேட்டா எனக்குக் கோபம் வருது." ஆகவே நான் அந்த வார்த்தையைச் சொல்லப் போவதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். அதோ, மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பிப் பார்க்காதீர்கள்! பார்த்துவிட்டீர்கள். சரி, பார்த்தது போதும். இந்தப் பக்கம் திரும்புங்கள்.

அப்போது அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து ஐந்து மாதம். தலை வாருவதை விட்டாள். சிரிப்பது போய்ப் பேசுவதும் போனது. குழந்தை அழுதால் எடுப்பாள். எடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அத்தை, அதாவது என் மாமியார், "பால் இறங்காம இருக்கும், அதான் சோர்வு" என்றார்கள். "கும்பிட்டுட்டுப் படு, காலைல சரியாயிடும்" என்றேன் நான். தினமும் சொன்னேன். தினமும் காலை வந்தது. சரியாகவில்லை.

செவிலி அம்மா வீட்டுக்கு வந்து பார்த்தவர், "நாளைக்கு டாக்டர் ரூமுக்குக் கூட்டிட்டு வாங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார். போனோம். எத்தனை பேர் போனோம் தெரியுமா? அவளைச் சேர்த்து ஏழு பேர். அத்தை, என் கணவர், கடலிலிருந்து அன்றுதான் இறங்கிய கொழுந்தன், நாத்தனார், நாத்தனார் மகள், நான். இருப்பது ஒரு நாற்காலி. அதில் அத்தையை உட்கார வைத்தோம். மரியாதை இருக்கிறதல்லவா! நோயாளி பின்னால் நின்றாள்.

அதற்கு முன்பாக நான் என்ன செய்தேன்? அவள் தலையை இழுத்து வாரிப் பின்னினேன். என் நல்ல புடவையைக் கட்டிவிட்டேன். "டாக்டரம்மா கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லு. முகத்தைச் சிரிச்ச மாதிரி வை" என்று பாடம் சொல்லிக்கொடுத்தேன். வைத்தியரிடம் போகும்போது நோயை ஒளித்துக் கூட்டிப்போன அதிசயத்தை உலகத்தில் வேறு யாராவது செய்திருப்பார்களா? செய்திருப்பார்கள். இந்தக் கூட்டத்திலேயே பாதிப்பேர் செய்திருக்கிறீர்கள். தலையைக் குனியாதீர்கள், நான் உங்களுக்கு முன்னால் குனிந்தவள்.

திரையில் டாக்டரம்மா கேட்டார்: "தூக்கம் எப்படிம்மா இருக்கு?"

அத்தை பதில் சொன்னார்கள்: "அதெல்லாம் தூங்குவா. குழந்தைதான் விடமாட்டேங்குது."

"பசி எடுக்குதாம்மா?"

நாத்தனார்: "நேத்துகூட நல்லா சாப்பிட்டா டாக்டர். நான்தான் போட்டேன்."

"அழுகை வருதாம்மா?"

கொழுந்தன்: "அவ அழுது நான் பார்த்ததே இல்லைங்க."

அவன் மாதத்தில் இருபது நாள் கடலில் இருப்பவன். அழுததை மீன் வந்து சொல்லியிருந்தால்தான் உண்டு!

டாக்டரம்மா எங்கள் ஏழு முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பணிவாகத்தான் கேட்டார்: "அவங்களைக் கொஞ்ச நேரம் தனியா விட முடியுமா? நான் அவங்ககூட மட்டும் பேசணும்."

எனக்கு வந்ததே ரோஷம்! "நாங்க என்ன வேத்து ஆளா டாக்டரம்மா? எங்க வீட்டுப் பொண்ணை நாங்க எப்பவும் தனியா விட்டதில்ல." பெருமையாகச் சொன்னேன். கூட வந்த ஐந்து பேரும் ஆமாம் என்று தலையாட்டினோம்... இல்லை, ஐந்து பேர் ஆட்டினார்கள். நான் அவர்களுக்கு முன்னாலேயே ஆட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்தோம். "பார்த்தியா, டாக்டரம்மாவே ஒண்ணும் சொல்லல" என்று அத்தை ஆறுதல் சொன்னார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை. அடுப்படிச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஓரகத்தியின் எழுத்து. சின்னவனுக்குப் பால் ஆறு மணி, ஒன்பது மணி, பன்னிரண்டு மணி. பெரியவனுக்கு இருமல் மருந்து அரை மூடி. பச்சைச் சட்டை இறுக்கம், மஞ்சள் சட்டை போடவும். தூங்கவைக்க முதுகில் தட்டக் கூடாது, நெற்றியைத் தடவ வேண்டும்.

படித்ததும் எனக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. "பாருங்கத்தை! பொறுப்பு வந்துடுச்சு! எவ்வளவு அழகா எழுதி வச்சிருக்கா!" என்று கூவினேன். அவள் கன்னத்தைத் தொட்டு முத்தம்கூடக் கொடுத்தேன்.

தாய்மார்களே! தனக்குத் தெரிந்ததைத் தனக்கே யாராவது எழுதி வைப்பார்களா? தன் பிள்ளையின் நெற்றியைத் தடவ வேண்டும் என்று ஒரு தாய் யாருக்காக எழுதுவாள்? தான் இருக்கப்போகும் வீட்டுக்கா எழுதுவாள்? கண்ணுக்கு முன்னால் சுவரில் ஒட்டியிருந்தது. படித்தேன். பாராட்டினேன். புரியவில்லை. இன்றைக்கும் அந்த முத்தம் என் உதட்டில் சுடுகிறது.

வியாழக்கிழமை மறுபடியும் போனோம். மறுபடியும் ஏழு பேர்தான். ஆனால் இம்முறை டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் முதலில் பேசினார்.

"மூத்தவங்க நீங்கதானே? உங்க கையெழுத்து ரொம்ப அழகா இருக்கும்மா."

எனக்குப் பூரிப்பு. "ஏதோ, நானா பழகினதுங்க."

"நாற்பத்தொரு தாளையும் வாங்கிப் பார்த்தேன். நாற்பத்தொண்ணுலயும் அதே கையெழுத்து, உங்களோடதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க. எல்லாம் பூஜ்யம். அந்தத் தாளை நான் எனக்கே போட்டுப் பார்த்தேன். எனக்கே பன்னெண்டு வந்துச்சும்மா."

இப்போது நீங்கள் சிரித்தீர்களே, அன்றைக்கு அந்த எட்டடி அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. என் காதுமடல் கொதித்தது. டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. மறுபடியும் தனியாக விடச் சொல்லிக் கேட்கவும் இல்லை. "எல்லாரும் இருங்க, பரவாயில்ல. அந்த ஹெட்போனை அவங்க காதுல மாட்டிவிடுங்க. நான் கேட்பேன். அவங்க வாய் திறக்க வேண்டாம். விரலை மட்டும் காட்டட்டும். இல்லன்னா மூடின கை. மத்தபடி ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றார்.

எவ்வளவு எளிய வழி! எங்களையும் அவமதிக்கவில்லை, அவளையும் கைவிடவில்லை.

ஹெட்போனை மாட்டினோம். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் மீன் தரம் பிரிக்கிற பேச்சு மட்டும் கேட்டது. ஓரகத்தியின் வலக்கை மேசைமேல் இருந்தது. டாக்டரம்மாவின் உதடு அசைந்தது. ஓரகத்தி விரலைத் தூக்கினாள். மூன்று. மறுபடி உதடு அசைந்தது. மறுபடி மூன்று. மூன்றாவது முறை, இரண்டு.

"என்னடி இது, விரல் விளையாட்டு?" என்றார்கள் அத்தை.

அவர்களுக்கு அது விளையாட்டு. நாத்தனாருக்கு அது வேடிக்கை. கொழுந்தனுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அறையில் எனக்கு ஒருத்திக்குத்தான் புரிந்தது. ஏன்? நாற்பத்தொரு முறை எழுதியவள் நான்! எந்தக் கேள்விக்குப் பிறகு எந்தக் கேள்வி வரும் என்பது எனக்கு மனப்பாடம். முதல் கேள்வி தூக்கம்: மூன்று. இரண்டாவது, எதிலும் மனம் செல்லாமை: மூன்று. நான்காவது, நான் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணம். மூன்று விரல் உயர்ந்தது. பயனில்லையாம்! என் வீட்டு விளக்கு தனக்கு வெளிச்சமில்லை என்று விரலால் சொல்கிறது. அதற்குப் பூஜ்யம் போட்டது என் பேனா!

எண்ணிக்கொண்டே வந்தேன். ஏழு. எட்டு. ஒன்பது. பத்தாவது கேள்வி வரப்போகிறது. இருப்பதைவிட இல்லாமல் போவதே மேல் என்று எத்தனை நாள் தோன்றியது? அதுதான் பத்தாவது. இறைவா, கையை மூடட்டும், கையை மூடட்டும் என்று வேண்டினேன். டாக்டரம்மாவின் உதடு மெல்ல அசைந்தது. ஓரகத்தியின் கை மேசைமேல் அப்படியே கிடந்தது. பிறகு எழுந்தது. இரண்டு விரல். மூன்றாவது விரல் பாதி மடங்கி, நிமிர்வதா வேண்டாமா என்று நடுங்கியது.

அந்த நொடியில் திரை நின்றுபோனது.

ஆம், சிக்னல் போய்விட்டது. டாக்டரம்மாவின் முகம் கண் பாதி மூடிய நிலையில் உறைந்து நின்றது. அவர் அந்த விரல்களைப் பார்த்தாரா, இல்லையா? தெரியாது. அத்தை, "போச்சா? சரி, கிளம்பலாம், குழந்தைக்குப் பசிக்கும்" என்று எழுந்துவிட்டார்கள். விரல் இன்னும் காற்றில் நின்றது. பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. பார்த்தவள் நான் ஒருத்தி. நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் அது என்னோடும் சுவரில் ஒட்டிய தாளோடும் போயிருக்கும்.

கத்தினேன். "எல்லாரும் வெளிய போங்க!"

"யாரைடி சொல்ற?" என்றார்கள் அத்தை.

"உங்களைத்தான் அத்தை. என்னையும் சேர்த்துத்தான். எல்லாரும் வெளிய. அவ இருக்கட்டும்."

"போன வாரம் தனியா விடமாட்டேன்னு சொன்னது யாரு? நீயே வெளிய தள்ளுறியா?"

"அண்ணி, என்னாச்சு?" என்றான் கொழுந்தன். அவன் தோளைப் பிடித்து வெளியே தள்ளினேன். வெளியே நின்ற செவிலி அம்மாவை மட்டும் உள்ளே அழைத்து அவள் பக்கத்தில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தி, கதவில் சாய்ந்து நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் மீன் பிரித்துக்கொண்டிருந்த பெண்களையும் எழுப்பி அனுப்பினேன். "தரம் பிரிச்சது போதும், தள்ளிப் போங்க!" அன்றைக்கு என்னைப் பைத்தியம் என்று சொன்னவர்கள் இங்கே இரண்டு பேர் இருக்கிறீர்கள். நானும் மறுக்கவில்லை.

பதினொரு நிமிடம். சிக்னல் திரும்பப் பதினொரு நிமிடம் ஆனது. என் ஆயுளில் அவ்வளவு நீளமான பதினொரு நிமிடத்தை நான் கண்டதில்லை. பிறகு, ஹெட்போனைக் கழற்றிவிட்டார்கள் போலும், கதவுக்குப் பின்னாலிருந்து டாக்டரம்மாவின் குரல் கேட்டது. "பார்த்தேம்மா. நான் பார்த்தேன். இங்கேயேதான் இருக்கேன்." அதற்கு மேல் நான் கேட்கவில்லை, காதைப் பொத்திக்கொண்டேன். ஐம்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. ஓரகத்தியின் முகம் முழுக்க ஈரம். கொழுந்தன் பார்த்ததேயில்லை என்றானே, அன்றைக்குப் பார்த்தான்.

அன்றுமுதல் இருபத்திரண்டு வியாழக்கிழமை. மருந்து படகில் வருகிறது. செவிலி அம்மா முதல் மாதம் ஒரு நாளைக்கு இரண்டு வேளை வீடேறி வந்தார். எதைக் கண்ணில் படாமல் எடுத்து வைக்க வேண்டும், எப்போது பக்கத்தில் இருக்க வேண்டும், எப்போது பேச்சைக் குறைக்க வேண்டும் என்று எங்களுக்கும் திரையிலேயே பாடம் நடந்தது. போன வாரம், "என்னக்கா சமையல் இது, உப்பே இல்ல?" என்று ஓரகத்தி என்னை அதட்டினாள். உலகத்தில் எந்தப் பாராட்டும் அந்த அதட்டலுக்கு ஈடாகாது.

நலமாகிவிட்டாளா? இல்லை. பாதித் தூரம் வந்திருக்கிறாள். நடுக்கடலில் இருப்பவளைப் பார்த்துப் பாதி வந்துவிட்டாயே, இனி நீந்து என்று சொல்லிப் படகை எடுத்துக்கொண்டு போவீர்களா? மழையால் மூன்று வியாழன் சிக்னல் இல்லாமல் போயிற்று. அந்த மூன்று வாரமும் அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால்கூட என் கண் பின்னால் போயிற்று. மூன்று வாரத்துக்கே இப்படியென்றால், மூடிவிட்டால்?

ஏன் மூடுகிறார்கள்? அதிகாரி அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் அலுவலகத்தில் பதிவாகியிருப்பது என்ன? இந்தத் தீவில் நாற்பத்தொரு பேரைக் கேட்டோம், நாற்பத்தொரு பேரும் பூரண நலம், கூட்டினால் பூஜ்யம். அலுவலகத்துக்குக் கையெழுத்தா தெரியும்? கூட்டுத்தொகைதானே தெரியும்! நோயே இல்லாத ஊருக்கு வைத்தியர் எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதானே! அந்தத் தாள்களை நம்ப வேண்டாம் என்று டாக்டரம்மா எழுதிப் போட்டார். அப்படியானால் புதிதாக முப்பது தாள் அனுப்புங்கள், திங்கட்கிழமை முடிவெடுக்கிறோம் என்றார்கள். திங்கட்கிழமைக்கு முன் கடைசிப் படகு இன்றைக்கு நாலு மணிப் படகு.

காலையிலிருந்து எத்தனை தாள் நிரம்பியிருக்கிறது? செவிலி அம்மா, எத்தனை? ஒன்பதா? ஒன்பது. இன்னும் இருபத்தொன்று. கேட்டீர்களா?

என்னம்மா அங்கே முணுமுணுப்பு? "எழுதினா பொண்ணுக்கு நாளைக்குச் சம்பந்தம் வருமா"வா? தாளில் பெயர் கிடையாது அம்மா, எண்தான். அதிகாரியே சற்றுமுன் சொன்னார். யார் எந்த எண் என்பது செவிலி அம்மாவின் பூட்டிய பெட்டியில் இருக்கும். சரி, பெயர் தெரிந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். மணமேடைக்குப் பெண் வேண்டுமா, பெண்ணின் பெருமை மட்டும் போதுமா?

அந்தப் பக்கம் பெரியவர் சொல்கிறார்: "கடவுளை நம்பினா இதெல்லாம் வராது." ஐயா, வயதில் என் தகப்பன் போன்றவர் நீங்கள். நானும் கும்பிடுகிறவள்தான். ஒன்று கேட்கிறேன். நடுக்கடலில் படகுக்குள் தண்ணீர் ஏறினால் நீங்கள் கும்பிடவில்லையா? கும்பிட்டீர்கள். கையைக் கட்டிக்கொண்டா கும்பிட்டீர்கள்? வாய் கும்பிட்டது, கை தண்ணீரை இறைத்தது! இறைத்த கையை இறைவன் கோபித்துக்கொண்டானா? கரைக்கு அல்லவா கொண்டுவந்து சேர்த்தான்! நான் என் ஓரகத்தியைக் கும்பிடச் சொன்னேன். இறைக்கிற பாத்திரத்தை அவள் கையிலிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டு கும்பிடச் சொன்னேன். என் பக்தியில் பிழையில்லை ஐயா. பாத்திரத்தைப் பிடுங்கியதுதான் பிழை.

யாரது? "அக்கா, வழக்கம்போல நீங்களே எழுதிக் குடுத்துடுங்க, கையெழுத்து நல்லா இருக்கும்" என்பது?

மாட்டேன். மாட்டவே மாட்டேன். காலில் விழுந்தாலும் மாட்டேன். கோணலாக இருக்கட்டும், அடித்தல் திருத்தலோடு இருக்கட்டும், உங்கள் கையால் இருக்கட்டும். எழுதத் தெரியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மேடைக்குப் பின்னால் அலுவலக அறையில் செவிலி அம்மா உட்காருவார். கேள்வியை அவர் படிப்பார். நீங்கள் விரலைக் காட்டினால் போதும். உண்மையாகவே பூஜ்யம் என்றால் பூஜ்யமே காட்டுங்கள்; இல்லாத நோயை எழுதச் சொல்லவில்லை. ஒரு பொய்யைத் திருத்த இன்னொரு பொய் வேண்டாம். உள்ளதை உள்ளபடி காட்டுங்கள். நானும் இன்று ஒரு தாள் எடுக்கிறேன். அது எனக்கு மட்டும். அதில் எத்தனை வரும் என்று எனக்கே தெரியாது. அந்தப் பத்துக் கேள்வியை நான் என்னைக் கேட்டுக்கொண்டதே இல்லை.

என்ன அண்ணா? சத்தமாகச் சொல்லுங்கள்.

படகோட்டி அண்ணன் ஒரு கேள்வி கேட்கிறார். இவரைத்தான் நாம் சுக்கான் என்று கூப்பிடுவோம். என் ஓரகத்திக்கு வருகிற மருந்துப் பொட்டலமெல்லாம் இவர் இடுப்பில் முடிந்து வருவதுதான். "இந்தத் தாள் பொம்பளைங்களுக்கு மட்டுமா, ஆம்பளைக்கும் உண்டா" என்று கேட்கிறார்.

சிரிக்கிறீர்கள். "சுக்கானுக்கு என்ன சோகம், பொண்டாட்டி அடிச்சுட்டாளா" என்கிறீர்கள். நானும் பாதி சிரித்துவிட்டேன். மன்னியுங்கள் அண்ணா. ஏனென்றால் நீங்கள் சிரிக்கவில்லை.

உண்டு. ஆம்பளைக்கும் உண்டு. அலையில் போகிறவனுக்கு அச்சம் இருக்காது என்று யார் சொன்னது?

என்ன சொல்கிறார், கேட்டீர்களா? பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். "எனக்கு எழுதத் தெரியாதுக்கா. உள்ள வரேன். ரெண்டு வருஷமாச்சு தூங்கி. நாலு மணிக்குப் படகு எடுக்கணும், ஆனா இன்னிக்கு முப்பது தாள் சேர்ற வரைக்கும் எடுக்க மாட்டேன். அதிகாரி ஐயா கோவிச்சுக்கிட்டாலும் சரி." அப்படிச் சொல்கிறார்.

அதிகாரி அவர்கள் தலையசைக்கிறார். ஐயா, அது சம்மதமா, கடல் மயக்கமா? சம்மதமாம். நன்றி ஐயா!

தலைவர் அவர்களே, இனி நான் பேசினால் அது இடைஞ்சல். பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், முகம் சுளிக்காத தாய்மார்களுக்கும், சன்னலுக்கு வெளியே கால் கடுக்க நின்று கேட்ட சகோதரிகளுக்கும், என் மூலம் இத்தனை பேர் முன்னால் தன் கதையைத் திறந்து வைத்த என் ஓரகத்திக்கும் என் நன்றியைக் காணிக்கையாக்குகிறேன். பேனாக்கள் மேசைமேல் இருக்கின்றன. செவிலி அம்மா, நீங்கள் உள்ளே போங்கள். நடுவில் நிற்பவர்கள் வழிவிடுங்கள். சுக்கான் அண்ணன் எழுந்துவிட்டார்.

அண்ணி, நீங்கள் அவர் மனைவிதான், ஆனாலும் கூடப் போக வேண்டாம். மாமா, மருமகனுக்குத் துணை வேண்டாம், நீங்களும் உட்காருங்கள். பின்னாலேயே யாரும் போகாதீர்கள். அவர் தனியாகப் போகட்டும். கதவைச் சாத்திக்கொள்ளட்டும்.

எல்லோருக்கும் என் வணக்கம்.